காப்பிப் பசையும் கழுவுநீரும்

சேலம் ஜில்லாவில் சேர்வராயன் மலைமீது, குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் உள்ளது கொட்டச்சேடு. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களிலேயே படர்ந்த மிளகும் இப்பக்கத்து விவசாயிகளுக்கு இரு கண்கள் போன்றவை. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைத் தொடங்கிவைத்தார். அதற்குப் பின் இருநூறு ஆண்டுகள் சென்றுவிட்டன. வித்துக்கள் மாறின, உரங்கள் மாறின, இயந்திரங்களும் மாறின. ஆனால், பறித்த பழத்தின் மேல்தோலை நீக்கியவுடன் கொட்டையைச் சுற்றி நிற்கும் வழவழப்பான பசையை எவ்வாறு போக்குவது, போக்கிய பின் எஞ்சும் நாற்றமெடுத்த நீரை எங்கே விடுவது என்னும் இரண்டு கேள்விகள் மட்டும் ஒவ்வோர் அறுவடையிலும் புதிதாகவே எழுகின்றன.

பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைப் பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயுவினால் பக்குவப்படுத்தி, அதன்மீது என்ஸைம் என்னும் நொதிப்பொருளைப் பிணைத்து வைப்பது ஆராய்ச்சிசாலைகளில் நன்கு அறியப்பட்ட ஒரு முறை. பெக்டினைக் கரைக்கும் நொதியை இவ்வாறு பிணைத்துக் காப்பித் தொழிலில் உபயோகிக்கலாகாதா என்ற வினா இயல்பாகவே எழக்கூடியது. அது நியாயமான வினாவே. ஆயினும் ஒரு புதுமுறை மெய்யானது என்பதும், அது தன் தோட்டத்துக்கு ஏற்றது என்பதும் வேறு வேறு விஷயங்கள். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பணத்தை இழப்பவன் விவசாயியே யாதலின், இம்முறையின் தன்மை இன்னதென்றும், அது கொட்டச்சேடு போன்ற ஓர் ஊரில் எவ்விடத்தில் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது என்றும் ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகின்றது.

பசையின் இயல்பு

காப்பிப் பழத்தில் மேல்தோலுக்கும், கொட்டையை மூடியுள்ள பார்ச்மென்ட் என்னும் கடினமான உறைக்கும் இடையில் இப்பசை அமைந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் சர்க்கரையும் பெக்டின் என்னும் பொருளும் முக்கியமானவை. பெக்டின் ஒரு பாலிமர். சிறு மணிகளைக் கோத்து நீண்ட மாலையாக்கினாற்போல, சிறு ரசாயனக் கூறுகள் பல ஒன்றோடொன்று தொடர்ந்து சேர்ந்த பொருளுக்குப் பாலிமர் என்று பெயர். பஞ்சும், பட்டும், கம்பளி மயிரும் இயற்கை தந்த பாலிமர்கள். உரச் சாக்கு நெய்யப்படும் பாலிபுரொப்பிலீனும், நாற்றுப் பைக்குரிய பாலித்தீனும் மனிதன் செய்த பாலிமர்கள். பெக்டின் மாலைகள் ஒன்றோடொன்று பின்னி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பசை வெறும் நீரில் கழுவினால் போவதில்லை.

அம்மாலையை அறுக்கும் கத்தரிகளே நொதிகள். பெக்டினை அறுக்கும் நொதிகள் பழத்திலேயே ஓரளவு உண்டு. தொட்டியில் வளரும் நுண்ணுயிர்களும் அவற்றை உண்டாக்குகின்றன. தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் ஊறவைத்தால் பசை இளகிப்போவது இதனாலேயே. அரபிகா வகைக்கு 24 முதல் 36 மணி நேரமும், ரொபஸ்டாவுக்கு ஏறக்குறைய 72 மணி நேரமும் ஆகுமென்பது பொதுவான கணக்கு. ஆனால் சேர்வராயன் மலையில் பழம் திரண்டு வருவது கார்த்திகை, மார்கழி, தை ஆகிய குளிர் மாதங்களில். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் இத்தகைய மாறுதல்களின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே கடிகாரத்தை நம்பித் தொட்டியைத் திறப்பவர் ஏமாறுவர். ஒரு பிடிக் கொட்டையை எடுத்து நீரில் அலசிக் கையால் தேய்த்தால், வழவழப்பு நீங்கிச் சரளைக்கல்லைத் தேய்ப்பதுபோல் கரகரவென்றிருக்க வேண்டும். அதுவே பதம். பதம் தப்பி அதிகம் ஊறிய கொட்டை துர்நாற்றம் பெறும். ஒரு கைப்பிடி நாறற் கொட்டை ஒரு மூட்டையின் மதிப்பையே கெடுக்க வல்லது.

இக்காரணத்தால் நொதியை வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்து, ஊறும் காலத்தைச் சில மணி நேரமாகக் குறைக்கும் வழக்கமும் காப்பி விளையும் நாடுகளில் உண்டு. பயன் உண்மையே, ஆனால் விலைகொடுத்து வாங்கிய நொதி, வேலை முடிந்ததும் கழுவுநீரோடு கலந்து ஓடிவிடுகிறது. அடுத்த தொட்டிக்கு மறுபடியும் வாங்க வேண்டும். ஓடிப்போகும் இந்நொதியைக் கட்டிநிறுத்தி மறுபடியும் வேலை வாங்கலாகாதா என்பதே புதுமுறையின் மூலமான எண்ணம்.

நொதியைக் கட்டிநிறுத்திய வரலாறு

இவ்வெண்ணம் இன்று தோன்றியதன்று. கரும்புச் சர்க்கரையைப் பிளக்கும் நொதி ஒன்று கரித்தூளில் ஒட்டிக்கொண்ட பின்னும் தன் வேலையைச் செய்கிறது என்று 1916-ஆம் ஆண்டில் நெல்ஸன், கிரிஃபின் என்னும் இருவர் அமெரிக்காவில் கண்டறிந்தனர். நொதி என்பது எத்தகைய பொருள் என்பதே அக்காலத்தில் தெளிவாகவில்லை. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் என்பவர் வாளவரை இனத்துப் பருப்பிலிருந்து யூரியாவைச் சிதைக்கும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதமே என்று நிலைநாட்டினார். அதற்காக 1946-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வயலில் இட்ட யூரியாவை மண்ணில் அம்மோனியாவாக்குவதும் இவ்வகை நொதியே. பின்னர் 1969-இல் ஜப்பானிய நிறுவனமான டனாபே ஸெய்யாக்குவில் இச்சிரோ சிபாட்டா என்பவரும் அவருடைய குழுவினரும், நிலைநிறுத்திய நொதியைக்கொண்டு அமினோ அமிலங்களைத் தொழில்முறையில் பிரித்தெடுக்கலாயினர். அதன் பின் மக்காச்சோளப் பாகை அதிகத் தித்திப்புள்ளதாக மாற்றும் தொழிலிலும் அம்முறை பெருமளவில் வேரூன்றிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொதி ஒரு பாலிமரின்மேல் வேலை செய்வது வேறு. பாலிமரின்மேல் நொதியை ஒட்டிவைத்து அதனைக்கொண்டு மற்றொரு பொருளை மாற்றுவது வேறு. திருப்பூர்ப் பின்னலாடைகளின் மேலுள்ள நுண்சிலும்பைச் செல்லுலேஸ் என்னும் நொதியால் நீக்கிப் பளபளப்பாக்குவது முதல் வகை. காப்பிப் பசையைத் தொட்டியில் இளக்குவதும் அவ்வகையே. மக்காச்சோளப் பாகை இனிப்பாக்குவது இரண்டாம் வகை. இவ்வேற்றுமையே பின்வரும் வாதத்துக்கு அடிப்படை.

பிளாஸ்டிக்கும் பிளாஸ்மாவும்

நொதியைத் தாங்குவதற்குப் பிளாஸ்டிக் மலிவானது, நீரில் அழுகாதது, எவ்வடிவிலும் வார்க்கத்தக்கது. ஆனால் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் போன்றவற்றின் மேற்பரப்பு மெழுகு போன்றது. சேம்பிலையில் நீர்த்துளி உருள்வதுபோல் அதன்மேல் நீர் பரவாமல் துளியாகத் திரளும். நொதி பற்றிக்கொள்வதற்கு அதில் பிடியேதும் கிடையாது. அப்பிடியை உண்டாக்குவதே பிளாஸ்மாவின் வேலை.

திடம், திரவம், வாயு என்ற மூன்று நிலைகளுக்கு அப்பால், வாயுவுக்கு மின்சக்தியை ஊட்டும்போது அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றமுள்ள துகள்களின் கலவையாக அது மாறுகிறது. 1928-இல் இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். வானத்து மின்னலும், வீட்டிலெரியும் குழல்விளக்கின் உட்புறமும் பிளாஸ்மாவே. மின்னலைப்போல் கொதிப்பதும் உண்டு; குழல்விளக்கைப்போல் கைதாங்கும் சூட்டில் நிற்பதும் உண்டு. பிளாஸ்டிக் உருகாமலிருக்க இக்குளிர்ந்த வகையையே கையாளுகின்றனர். பிராணவாயு கலந்த பிளாஸ்மா பட்டால் மேற்பரப்பில் ஹைட்ராக்ஸில், கார்பாக்ஸில் முதலிய பிடிப்புத்தொகுதிகள் முளைக்கின்றன. அம்மோனியா வாயுவானால் அமினோத் தொகுதிகள் முளைக்கின்றன. தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்துக்கே இம்மாறுதல் செல்வதால், உட்புறத்தின் உறுதி கெடுவதில்லை.

இது வெறும் ஆராய்ச்சிசாலை வேடிக்கையன்று. பாலித்தீன் தாளில் எழுத்து அச்சிடுவதற்கு முன் அதன்மேல் மின்னொழுக்கு பாய்ச்சுவது அச்சுத்தொழிலில் சாதாரண வழக்கம். அவ்வாறு செய்யாவிடில் மை ஒட்டாமல் உரிந்துவிடும். விவசாயி வாங்கும் விதைப்பையின் மேலுள்ள எழுத்துக்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதுவே. இந்தியாவிலேயே மற்றோர் உதாரணமும் உண்டு. அங்கோரா முயலின் மயிர் மிக வழுக்கலானது. தனியே நூற்க வராது, நூற்ற பின்னும் உதிரும். குஜராத்தில் காந்திநகரையடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தார், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே அம்மயிருக்குப் பிளாஸ்மா காட்டி, அதன் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கி நூற்பதற்கு ஏற்றதாகச் செய்யும் கருவியை அமைத்துள்ளனர். முயல் வளர்க்கும் மலைவாசிகளின் விளைபொருளுக்கு உயர்ந்த விஞ்ஞானம் உதவக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

பிடிப்புத்தொகுதிகள் முளைத்த பின் நொதியை அவற்றோடு பிணைப்பது ரசாயன வேலை. குளுட்டரால்டிஹைடு போன்ற இணைப்புப்பொருள் ஒரு கையால் பிளாஸ்டிக்கையும் மறு கையால் நொதியையும் பிடித்துக்கொள்ளும். இதில் இரண்டு இடையூறுகள் உள. பிளாஸ்மா காட்டிய மேற்பரப்பு நாள் செல்லச் செல்ல மீண்டும் மெழுகுத்தன்மைக்குத் திரும்பும். முளைத்த தொகுதிகள் உட்புறமாக மடங்கிவிடுகின்றன. ஆதலின் பிணைப்பு வேலையைத் தாமதமின்றிச் செய்துவிட வேண்டும். மேலும், இறுக்கிப் பிடிக்கப்பட்ட நொதி சில வேளை உருக்குலைந்து தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும். கட்டிய மாடு ஓடாது; ஆனால் கட்டிய கயிறு கழுத்தை நெரித்தால் அது உழவும் செய்யாது.

கொட்டைக்கா, கழுவுநீருக்கா?

இப்போது கொட்டச்சேட்டுக்குத் திரும்புவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி: நொதி ஒட்டிய பிளாஸ்டிக்கால் கொட்டையின் பசையைப் போக்க முடியுமா? போக்குவது அரிது என்பதே நேர்மையான விடை. நொதி வேலைசெய்ய வேண்டுமானால் அது பெக்டினைத் தொட வேண்டும். நீரில் கரைந்த நொதி எங்கும் பரவி, கொட்டையின் நடுக்கோட்டுப் பள்ளத்துக்குள்ளும் புகும். பிளாஸ்டிக்கில் கட்டுண்ட நொதி அவ்வாறு நகரமாட்டாது. கொட்டை தானாக வந்து அதன்மேல் உராய்ந்த இடத்தில் மட்டுமே அறுக்கும். பசையோ திடமான கொட்டையின்மேல் ஒட்டிய திரள். திடத்தோடு திடம் சந்திக்கும் இடம் சிறிது. போதாக்குறைக்கு, கொட்டைகளின் இடைவிடாத உராய்வில் பிளாஸ்டிக்கின் மேலுள்ள மெல்லிய நொதிப்படலமே தேய்ந்துபோகும். பழரசம், பாகு முதலிய திரவங்களில் நிலைநிறுத்திய நொதி சிறப்பதற்குக் காரணம், அங்கே பொருள் கரைந்து ஓடிவந்து நொதியைத் தொடுகின்றது என்பதுதான். ஆகவே கொட்டையின் பசைக்குத் தொட்டியும், காலமும், கையால் தேய்த்துப் பதம் பார்க்கும் பழக்கமுமே போதுமானவை. வசதியுள்ளோர் பசை நீக்கும் இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம்.

கழுவுநீரின் கதை வேறு. அங்கே பெக்டின் நீரில் கலந்து ஓடுகின்றது. நீர் புளித்ததும் அது கட்டியாகி மேலே ஏடுபோல் மிதக்கும், வாய்க்காலை அடைக்கும், குழியின் மேல் கறுத்த மூடியாகப் படியும். ஓடும் நீரில் கரைந்துள்ள ஒரு பாலிமரை உடைப்பது பிளாஸ்டிக்கில் கட்டிய நொதிக்கு ஏற்ற வேலை. கழுவுநீரை அத்தகைய பிளாஸ்டிக் துண்டுகள் நிறைந்த குழாயின் வழியே செலுத்தினால், கொழகொழப்புக் குறைந்து நீர் தடையின்றி அடுத்த குழிக்குச் செல்லும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. புதுமுறை இம்மலையில் காலூன்றுமானால் அது தொட்டிக்குள் அன்று, தொட்டியின் வடிகாலில்தான் ஊன்றும்.

இவ்விடத்திலும் அளவுக்கு மீறிய நம்பிக்கை ஆகாது. பெக்டினை உடைப்பது வேறு. நீரைத் தூய்மையாக்குவது வேறு. மாலை அறுந்தாலும் மணிகள் நீரிலேயே கிடக்கின்றன. அச்சிறு கூறுகளையும், பசையிலிருந்து வந்த சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரிலுள்ள பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். அத்தகைய நீர் ஓடையில் சேர்ந்தால் மீன் இருக்காது, கால்நடை குடிக்காது. ஆகையால் நொதிக்குழாய் வைத்தவரும் சுண்ணாம்பிட்டுப் புளிப்பை மாற்றி, காற்றுப்புகாத குழியில் நாள்பட நிறுத்தி, பின் காற்றோட்டமுள்ள குழியில் விட்டுத் தெளியவைக்கும் முறையைக் கைவிடலாகாது. நொதிக்குழாய் அம்முறைக்குத் துணையாகலாம். அதற்குப் பதிலாக நிற்காது. சுண்ணாம்பின் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாரேனும் சொல்லி விற்றால் அதனை நம்பலாகாது.

இவ்விஷயம் காப்பி விலையோடு மட்டும் நிற்பதன்று. திருமணிமுத்தாறும், சரபங்கா நதியும், வாணியாறும் சேர்வராயன் மலைத்தொடரிலேயே பிறக்கின்றன. மேலுள்ளவன் ஓடையில் விட்டது கீழுள்ளவன் குடத்தில் ஏறும். மழை குறைந்து ஓடை மெலியும் தை மாதத்தில்தான் தொட்டிகளின் கழுவுநீரும் அதிகம். நீர் மிகுந்திருக்கும் காலத்தில் மறைந்துபோகும் குற்றம், நீர் குறைந்த காலத்தில் வெளிப்படையாகிவிடும்.

செலவு யாருடையது?

நொதியைக் கட்டிநிறுத்துவதன் லாபம் முழுவதும் அது எத்தனை முறை உழைக்கும் என்பதைப் பொறுத்தது. கரைத்து ஊற்றும் நொதியைப்போல் இருபது மடங்கு விலையுள்ள நொதித்துண்டுகள் நூறு முறை உழைத்தால் லாபம். பத்து முறையில் ஓய்ந்தால் நஷ்டம். காப்பித் தொட்டி ஆண்டில் இரண்டு மூன்று மாதமே ஓடும். எஞ்சிய மாதங்களில் நொதித்துண்டுகளைக் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் பத்திரப்படுத்த வேண்டும். கவனியாமல் விட்டால் மறு அறுவடைக்குள் நொதி இறந்துவிடும். இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கு இது தாங்கத்தக்க பாரமன்று. அவர்களிற் பலர் தொட்டியும் பல்ப்பர் இயந்திரமும் இல்லாமையால் பழத்தைத் தோலோடு உலர்த்திச் செர்ரியாகவே விற்று, பார்ச்மென்ட் காப்பிக்குக் கிடைக்கும் விலை வித்தியாசத்தை இழக்கின்றனர். தொட்டியே இல்லாதவருக்கு வடிகாலில் வைக்கும் நொதிக்குழாயைப் பற்றிப் பேசுவது, வீடில்லாதவனுக்குக் கதவின் வேலைப்பாட்டை விவரிப்பது போலாகும்.

ஆதலின் வரிசை முறை இதுவாக இருத்தல் வேண்டும். முதலில் சிறு விவசாயிகள் ஒன்றுகூடிப் பொதுவான பல்ப்பர் கொட்டகையும் தொட்டிகளும் அமைத்தல். அடுத்து அக்கொட்டகையின் கழுவுநீருக்குச் சுண்ணாம்புத் தொட்டியும் குழிகளும் வெட்டுதல். பழம் அரைத்த நீரை வடிகட்டி மீண்டும் அதே வேலைக்கு உபயோகித்து, நீரின் அளவைக் குறைத்தல். பழத்தோலைக் குவித்து மக்கவைத்து எருவாக்குதல். இவையெல்லாம் நடந்தேறிய இடத்தில், நொதிக்குழாயைப் பரிசோதனையாக ஒரே ஒரு வடிகாலில் வைத்துப் பார்க்கலாம். அதன் செலவைத் தனி விவசாயியின் தலையில் சுமத்தாமல், காப்பி போர்டும் விவசாயக் கலாசாலையும் ஏற்பதே முறை. 1925 முதல் பாலஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறது. ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. இத்தகைய நிலையங்களின் கண்முன் ஓர் அறுவடை முழுவதும் சோதித்து எழுதிய கணக்கு, நூறு விளம்பரத் தாள்களைவிட மேலானது.

விற்க வருவோரிடம் விவசாயி கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. நொதித்துண்டு எத்தனை தொட்டிக் கழுவுநீருக்குப்பின் தன் வலிமையில் பாதியை இழக்கிறது? மலைக்குளிரில், புளித்த நீரில் சோதித்தார்களா, அன்றி ஆராய்ச்சிசாலையின் வெதுவெதுப்பான தூய நீரில் மட்டும் சோதித்தார்களா? பிணைக்க உபயோகித்த ரசாயனம் நீரில் கசியாதென்பதற்கு அத்தாட்சி உண்டா? தேய்ந்த பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெறுவார்களா, அன்றி அதுவும் ஓடையில்தான் சேருமா? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை தராதவரிடம் முன்பணம் கொடுப்பது விவேகமன்று.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. கழுவுநீர்க் குழி எவ்விடத்தில் வெட்டலாம், ஓடைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் வேண்டும், பொதுக் கொட்டகைக்கு எந்நிலம் ஏற்றது என்பவற்றை அறுவடைக்கு முன்பே தீர்மானிப்பது அவர்களால் ஆகக்கூடியது. தை மாதத்தில் ஓடை கறுத்த பிறகு எழுதப்படும் அறிக்கை எவருக்கும் பயன் தராது. ஆடி மாதத்தில் குழிக்குக் குறித்த இடமே பயன் தரும்.

கண்ணுக்குத் தெரியாத நொதியைக் கண்ணுக்குத் தெரியாத பிடியால் பிளாஸ்டிக்கில் நிறுத்தும் வித்தை போற்றத்தக்கதே. ஆயினும் விவசாயத்தில் ஒரு வித்தையின் மதிப்பு அதன் அருமையால் அளக்கப்படுவதில்லை. அது வைக்கப்படும் இடத்தால் அளக்கப்படுகிறது. கொட்டச்சேட்டு விவசாயிகள் கொட்டையைத் தொட்டிக்கும் தங்கள் கைப்பதத்துக்கும் விட்டு, பொதுக் கொட்டகையையும் கழுவுநீர்க் குழியையும் முதலில் அமைத்துக்கொண்டு, புதுமுறையைப் பிறர் செலவில் தங்கள் கண்ணெதிரே சோதிக்கச் செய்து, கணக்குப் பார்த்தபின் ஏற்பதோ தள்ளுவதோ செய்வார்களாயின், காப்பியும் மணக்கும். ஓடையும் தெளிந்து ஓடும்.